ஜெயில்காரர் கடையில் சவரம்

போன வாரம் மகன் என்னை ஒரு சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த இடத்தைச் சலூன் என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, உள்ளே நுழைந்ததும் கருப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி என் பெயரையும் போன் நம்பரையும் கேட்டாள். ஒரு சவரத்துக்கு எதற்கம்மா போன் நம்பர் என்று கேட்டால், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவார்களாம். பாதித் தாடி நரைத்துப்போனவனுக்குப் பிறந்தநாள் ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டே நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். முகத்தில் எதையோ பூசினார்கள், பழக்கடைக்குள் தலையை விட்டதுபோல் ஒரு வாசம். எல்லாம் முடிந்த பிறகு, "படிக்காரம் இல்லையா தம்பி?" என்று கேட்டேன். எனக்குச் சவரம் செய்த வடநாட்டுப் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் சிரித்துவிட்டான்.

படிக்காரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்து, வழித்த கன்னத்தில் தேய்த்தால் முதலில் சுரீரென்று ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் அடங்குகிற இடத்தில் ஒரு குளிர்ச்சி வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு தரம் சவரம் செய்துகொள்ளலாம். எனக்கு அந்த எரிச்சலோடும் குளிர்ச்சியோடும் சேர்ந்து வருவது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்த ஒற்றை நாற்காலிக் கடை. இசக்கிமுத்து அண்ணனின் கடை. அண்ணன் ஒரு கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்று, உள்ளே இருக்கவேண்டிய காலமெல்லாம் இருந்து முடித்துவிட்டு வந்தவர். அந்தக் கடை உண்டாவதற்காகக் கொஞ்சம் ஓடியாடியவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குத் தங்க இடமும் பிழைக்க ஒரு வழியும் தேடிக்கொடுக்கிற சின்ன அமைப்பு. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் ஆபீஸ். அதை நடத்திவந்தவர் எஸ்தர் அக்கா. வக்கீல். கோர்ட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு இதில் இறங்கியிருந்தார். "உள்ள அனுப்புததுக்கு ஆள் இருக்கு, வெளிய எடுக்கதுக்கும் ஆள் இருக்கு. வெளிய வந்தவன் சாப்பிட்டியான்னு கேக்கத்தான் ஆளக் காணும்" என்பார். நான் போய்ச் சேர்ந்த அன்று என்னிடம் சட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை வேட்டியும் பலவித அளவில் சட்டைகளும் அடுக்கியிருந்தன. உள்ளே போன அன்று போட்டிருந்த துணியோடுதான் பலர் வெளியே வருவார்கள். ஆள் இளைத்திருப்பான், சட்டை தொளதொளவென்று தொங்கும். ஒருவர், காலில் யானைக்காது மாதிரி விரிந்த பெல்பாட்டம் பேண்டோடு வந்து நின்றார். அவர் உள்ளே போன காலத்தில் அதுதான் பெரிய நாகரிகம். பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் சிரித்தபோது ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அலமாரி வந்த கதை அதுதான்.

எங்கள் வீடு மேலப்பாளையத்தில். வாப்பாவுக்குக் கைலி வியாபாரம். என் வேலை என்னவென்று தெரிந்ததும் வாப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

"ஊர்ல ஒழுங்கா இருக்கவனுக்கே வேல இல்ல. நீ என்னடான்னா கொலகாரனுக்கு வேல தேடிக் குடுக்கப் போறேங்கிறே."

"சம்பளம் உண்டு வாப்பா."

"அது எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட்டார்கள்.

இசக்கிமுத்து அண்ணன் எங்கள் ஆபீசுக்கு வந்தது ஒரு மழைக்கால முற்பகலில். நல்ல உயரம். சுவரை ஒட்டியே நடந்து வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காருவார், ஆனால் யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். பால்காரர் வந்தபோதும் எழுந்தார். பானையில் தண்ணீர் மொள்ளுவதற்கு முன்னால் அனுமதி கேட்டார். "இங்க யாரும் உங்கள எந்திரிக்கச் சொல்லமாட்டாங்கண்ணே" என்று எஸ்தர் அக்கா சொன்னதும், அதற்கும் எழுந்து நின்று "சரிம்மா" என்றார்.

அவர் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில். சொந்த வயல் இருந்தது. ஒரு கோடையில் வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் தகராறு வந்து, பக்கத்து வயல்காரனை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அவன் பிழைக்கவில்லை. அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்களாம். இதையெல்லாம் அண்ணன் ஒளிக்கவில்லை, நியாயம் கற்பிக்கவும் இல்லை. மனைவி வள்ளியம்மாளும் மகள் சுந்தரியும் இவருடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள்.

"அப்ப ஊருக்குப் போக வேண்டியதுதான? வயல் இருக்குல்லா?" என்று நான் கேட்டேன்.

"வாய்க்கா கரையிலதான் தம்பி அந்தப் பையனோட அம்மா வீடு. தண்ணி எடுக்க வரும்போதெல்லாம் அந்தம்மா எம் மொகத்தப் பாக்கணும். அது வேண்டாம். இங்கன ஒரு வழி பண்ணிக்கிட்டு பொண்டாட்டி பிள்ளையக் கூப்பிட்டுக்கிடுதேன்."

வேறு என்ன தொழில் தெரியும் என்று அக்கா கேட்டார். அவர் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "சவரம்" என்றார். உள்ளே இருந்தபோது படித்துக்கொண்டாராம். முடியும் வெட்டுவாராம்.

எனக்கு ஒரே சந்தோஷம். தொழில் கையில் இருக்கிறது, ஒரு நாற்காலியும் கண்ணாடியும் இருந்தால் போதும், முடிந்தது வேலை என்று நினைத்தேன். எஸ்தர் அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "உங்க அண்ணன் சம்மதிப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டார். "அவருக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார் அவர். அவர்கள் வயலும் வரப்பும் வைத்திருந்த குடும்பம் என்பதும், அந்தக் குடும்பத்து ஆள் சவரக்கத்தியைப் பிடிப்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதும் எனக்கு உறைக்கக் கொஞ்சம் நாளானது. ஊருக்கு ஊர் சாதிச் சண்டை நடந்து, எந்தப் பஸ் எங்கே நின்றுபோகும் என்று தெரியாமல் நாங்கள் வெளியே கிளம்பிய காலம் அது. ஆனாலும் என் மண்டைக்கு அது ஏறவில்லை.

கடைக்கு இடம் தேடிய கதையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வாடகைக்கு என்று எழுதிப் போட்டிருந்த கடைகள் எல்லாம், நான் ஆள் யார் என்று சொன்னதும் நேற்றே போய்விட்டதாகச் சொன்னார்கள். பொய் சொல்லக் கூடாது என்பது எஸ்தர் அக்காவின் கட்டளை. கடைசியில் மார்க்கெட் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த திசையன்விளை அண்ணாச்சி ஒருவர், தன் கடைக்கு அடுத்த சின்ன அறை ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி புளியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நெசமாவே கொல பண்ணுனவருதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரியுமா?"

"மறைக்கப் போறதில்ல அண்ணாச்சி."

"அப்பச் சரி, வரச் சொல்லும். மார்க்கெட்ல களவு ஜாஸ்தியாப் போச்சு. அப்படியாப்பட்ட ஆளு பக்கத்துல இருந்தா ஒருத்தன் எங்கடை பூட்டத் தொடமாட்டான். வாட்ச்மேன் வேற தனியா எதுக்கு?"

மனிதனுக்கு மனிதன் இடம் கொடுப்பதற்கு என்னென்னவோ காரணங்கள் இருக்கின்றன. நாங்கள் அந்தக் காரணத்தை ஆராயாமல் நன்றி சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டோம்.

பெயர்ப்பலகை எழுதி மாட்டுவதற்கு முன்பே கடைக்குப் பெயர் வந்துவிட்டது. ஜெயில்காரர் கடை. எதிரே இருந்த டீக்கடை வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அண்ணன் காலையில் வந்து கடையைக் கூட்டி, கண்ணாடியைத் துடைத்து, துண்டை உதறி மடித்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உட்கார மாட்டார். ஆட்கள் சந்து முனை வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? துணிக்கடை என்றால்கூடப் போய்விடலாம். இது கண்ணை மூடிக் கழுத்தை நீட்டுகிற இடம்.

"நாற்காலி காலியா இருந்தா இன்னும் காலியாத்தான் இருக்கும். நீ போய் உக்காரு" என்றார் எஸ்தர் அக்கா.

போனேன். சோப்பு நுரைத்து முகமெல்லாம் பூசி, புது பிளேடை எனக்குக் காட்டிக் கத்தியில் மாட்டினார். கன்னம் வரைக்கும் ஒன்றுமில்லை. கத்தி தொண்டைக்கு வந்ததும் எனக்கு ஓதத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் ஓதிவிட்டேன். அண்ணன் கத்தியை எடுத்துவிட்டு, "தம்பி, எச்சி முழுங்காம இருங்க. தொண்டக்குழி அசையுது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பயந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதிலிருந்து வாடிக்கையாகப் போய் உட்கார ஆரம்பித்தேன். வழிக்க முடி முளைத்திருக்கிறதோ இல்லையோ, போய் உட்கார்ந்துவிடுவேன். என் முகம் அந்த மாதங்களில் இருந்தது போல் வழவழவென்று அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. இதில் ஒரு சங்கடம், வாப்பாவுக்கு நான் தாடி வைக்கவேண்டும் என்று ஆசை. "நான் வைக்கச் சொல்லச் சொல்ல நீ வம்புக்குன்னே வழிச்சிட்டு வந்து நிக்கியா?" என்று கேட்டார்கள். வேலையின் ஒரு பகுதி என்று சொன்னேன். எந்த ஆபீசிலடா இப்படி ஒரு வேலை என்று உம்மாவிடம் போய்ப் புலம்பியிருக்கிறார்கள்.

கடைக்கு முதலில் வந்த வெளி ஆள் சவரம் செய்துகொள்ள வரவில்லை. சண்டைக்கு வந்தார். அவர்தான் வேலாயுதம். பாளையங்கோட்டையில் முடிதிருத்துவோர் சங்கத்துக்குத் தலைவர். மார்க்கெட்டின் அந்தப் பக்கம் சொந்தக் கடை. கட்டையான ஆள், வெள்ளைச் சட்டை, காதில் முடி. நான் நாற்காலியில் இருந்தேன், பாதி முகம் நுரையோடு. சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நிற்க, வேலாயுதம் உள்ளே வந்தார்.

"எந்த ஊருவே நீரு?" என்று கேட்டார். அண்ணன் ஊரைச் சொன்னார்.

"தெரியும், தெரிஞ்சிதான் கேக்கேன். உம்ம ஊருக்குள்ள நான் வந்தா செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டுத்தான் நடக்கணும். எங்கப்பா அப்படித்தான் நடந்தாரு. எங்க பிள்ளைகளயாவது இந்தத் தொழில்லேருந்து வெளிய தள்ளிப்புடணும்னு நாங்க நாயாப் பாடுபடுதோம். நீரு உள்ள வாரேங்கீரு. உமக்கு இது பொழப்பு. நாளைக்கு வேண்டாம்னா விட்டுட்டு வயலுக்குப் போயிருவீரு. எங்களுக்கு இது சாதிவே. அத எங்க போய் விட?"

நான் நுரையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே பேசப் போனேன். "பாய், நீரு செத்த சும்மா இரும். இது உமக்கு வெளங்காது" என்றார் வேலாயுதம். உண்மைதான், அப்போதுதான் எனக்கு விளங்க ஆரம்பித்திருந்தது.

இசக்கிமுத்து அண்ணன் கத்தியை மடித்துக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி" என்றார்.

வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்பது கடை கண்ணி வைத்திருக்கும் பெரிய மனிதரைக் கூப்பிடுகிற வார்த்தை. அந்த ஊர்க்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"உள்ள போன புதுசுல நான் யார்ட்டயும் பேசமாட்டேன். சாப்புடமாட்டேன். தாடி மண்டிப்போயி மொகமெல்லாம் புண்ணு. ஒருத்தரும் கிட்ட வரல. உங்க ஆளு ஒருத்தரு உள்ள இருந்தாரு. அவருதான் பக்கத்துல வந்து உக்காந்து, வெந்நி வச்சிப் புண்ணக் கழுவி, சவரம் பண்ணி விட்டாரு. எங்க ஊருல அவர நான் வாசல்ல நிக்க வச்சிருப்பேன். அங்கன அவரு மடியில என் தல இருந்துச்சி. அவருட்டதான் தொழில் கேட்டுப் படிச்சேன். இது உங்க ஆளுக எனக்குக் குடுத்தது. கூடாதுன்னு நீங்க சொன்னா இப்பமே சாவியக் குடுத்துருதேன். கோவமில்ல."

வேலாயுதம் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எந்திரியும்" என்றார். நான் பாதிச் சவரத்தோடு எழுந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் காலரை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டு, "பண்ணும்" என்றார்.

அந்தச் சவரம் எவ்வளவு நேரம் நடந்தது என்று தெரியவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி தராசை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். கன்னம் முடிந்து, தாடையைத் தூக்கி, கத்தி கழுத்துக்கு வந்த இடத்தில் வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆள எத்தன அடி அடிச்சீரு?"

அண்ணன் கத்தியை எடுத்து நுரையைத் துடைத்தார். "ஒண்ணுதான். மம்பட்டியால."

"கை நடுங்கலியா?"

"அன்னைக்கு நடுங்கிச்சி. விடாம நடுங்கிச்சி."

"இப்ப?"

அண்ணன் மறுபடி கத்தியை வைத்தார். கீழிருந்து மேலாக, பைய, ஒரே இழுப்பு. ஒரு கீறல் விழவில்லை.

வேலாயுதம் எழுந்து கண்ணாடியில் முகத்தைத் தடவிப் பார்த்தார். "கீழ் உதட்டுக்கு அடியில ரெண்டு முடிய விட்டுட்டீரு."

"உள்ள அத யாரும் பாக்கமாட்டாங்க அண்ணாச்சி."

"வெளிய பாப்பாங்க. செவ்வாக்கிழம கடையடைப்பு. எல்லாரும் வாங்குத ரேட்டுதான் வாங்கணும், கொறச்சி வாங்கிப் பொழப்பக் கெடுக்கக் கூடாது. சங்கத்துல வந்து பேரு எழுதிக்கிடும்." வாசல் வரை போனவர் திரும்பி, "இந்தப் பாய்க்குப் பாதி மொகம் நிக்கி, அதப் பாரும்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலாயுதமே, "எங்கடையில நிக்காதிய, அங்கன ஜெயில்காரர் கடை காலியா இருக்கு, நான் கழுத்தக் குடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்" என்று ஆளைத் திருப்பி அனுப்பினார். அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

ஆனால் செய்தி அம்பாசமுத்திரம் வரை போய்விட்டது. போகாமல் இருக்குமா. ஒரு நாள் மத்தியானம் இசக்கிமுத்து அண்ணனின் அண்ணன் வந்து இறங்கினார். பெரிய மீசை, கையில் குடை, பின்னால் சொந்தக்காரர்கள். அப்போது சுந்தரிக்கு அவர் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கடை விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கையை விரித்துவிட்டார்களாம்.

இசக்கிமுத்து அண்ணன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். தன் அண்ணனைக் கண்டதும் கத்தியைத் துடைத்து மடித்து, துண்டில் சுற்றி, என்னிடம் நீட்டினார். "தம்பி, இதச் செத்த கையில வச்சிக்கிடுங்க" என்றார். அதன் பிறகுதான் திரும்பினார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் துண்டை என்னிடம் நீட்டியதற்கு ஈடாக ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

"ஏலே, நீ வெட்டிட்டு உள்ள போனப்பகூட நான் ஊருக்குள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தாம்ல நடந்தேன்" என்றார் பெரியவர். "இன்னாரு தம்பி கொன்னுட்டாம்லேன்னு ஊர்க்காரன் சொன்னான். இப்ப இன்னாரு தம்பி செரைக்கானாம்லேங்கான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் நடக்க?"

"அதுக்கா அண்ணே நெஞ்ச நிமித்துனீக?" என்று மட்டும் கேட்டார் இசக்கிமுத்து அண்ணன்.

குடைக்கம்பு போய்க் கண்ணாடியில் இறங்கியது. சத்தம் கேட்டு வேலாயுதம் ஆட்களோடு ஓடி வந்துவிட்டார். பெரியவர் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த வருடங்களில் அப்படி ஒரு வார்த்தைக்கு ஒரு தெருவே எரிந்துபோகும். வேலாயுதத்தின் பின்னால் இருந்த ஒருவன் முன்னால் பாய்ந்தான். இசக்கிமுத்து அண்ணன் நடுவில் போய் நின்றார். தன் அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலாயுதத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேன்."

பெரியவரின் முகத்தை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அவர் அப்படி ஆகியிருக்க மாட்டார். குடையைப் பொறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். கடைசி வரை தம்பியிடம் அவர் பேசவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். இது மட்டும் முடியவில்லை.

மறுநாள் வள்ளியம்மாளும் சுந்தரியும் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பை. அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்றாகிவிட்டது. வள்ளியம்மாள் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். இசக்கிமுத்து அண்ணன் மகளை நிமிர்ந்து பார்க்காமல் நின்றார். உள்ளே போகும்போது மடியில் வைத்திருந்த பிள்ளை, இப்போது தாவணியில் நிற்கிறது. சுந்தரி கடைக்குள் போய், மூலையில் கிடந்த கண்ணாடிச் சில்லை விளக்குமாற்றால் கூட்டி அள்ளினாள்.

"வேற வாங்கணும்லாப்பா. கண்ணாடி இல்லாம எப்படிக் கட நடத்துவிய?" என்றாள்.

"ஒனக்குப் பாத்த எடம் போச்சேம்மா."

"நல்லதாப் போச்சி. அந்த மாப்ள போட்டோவப் பாத்திருக்கியளா? பெரியப்பா மாதிரியே மீச. அத அன்னைக்கே கவுத்தி வச்சிட்டேன்."

இசக்கிமுத்து அண்ணன் சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

எஸ்தர் அக்கா அலைந்து திரிந்து அவர்களுக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லித்தான் பிடித்தார். சுந்தரி தையல் படித்தாள். சில வருடங்களில் அவளுக்குக் கல்யாணமும் கூடிவந்தது. பையனுக்கு அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் கடை. பாளையங்கோட்டைக்குச் சாமான் வாங்க வருகிறவன். எஸ்தர் அக்கா அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாமனாராக வரப்போகிறவர் யார், என்ன செய்தார், எத்தனை காலம் உள்ளே இருந்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியும்க்கா. நான் அவருட்டதான முடி வெட்டுதேன்" என்றான்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது ஒரு சடங்கு. இசக்கிமுத்து அண்ணன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மண்டபத்து வாசலில் புதுச்சட்டையோடு வந்து நின்ற வேலாயுதம் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "மாமனாரே கத்தியோட வந்தா மாப்ள பயந்து ஓடிருவாருவே. இது என் வேல. இன்னைக்கு நீரு பொண்ணப் பெத்தவரு, போயி வந்தவங்கள வாங்கன்னு கேளும்." யார் வீட்டுக்கும் சடங்குக்குப் போவதில்லை என்று சங்கத்தில் முடிவு எடுத்துவைத்திருந்த மனிதர் அவர். கேட்டதற்கு, "கூப்பிட்டுப் போனாத்தான்யா தப்பு. இது நானா வந்தது" என்றார்.

வாப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த வருடம் வாப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. தலையை மழித்து, தாடியை ஒழுங்காகக் கத்தரித்து வைத்துக்கொள்வதில் வாப்பா ரொம்பச் சுத்தம். படுக்கையில் கிடந்து முடி வளர்ந்ததை அவர்களால் தாங்க முடியவில்லை, கையை ஆட்டி ஆட்டிக் கோபப்படுவார்கள். நான் கடையில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், செவ்வாய்க்கிழமை கடையடைப்பு அன்று இசக்கிமுத்து அண்ணன் துணிப்பையோடு மேலப்பாளையம் வந்துவிட்டார். வாப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, குழந்தைக்குச் செய்வது போல மழித்தார். தாடியைக் கத்தரித்து, ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டார். அது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நடந்தது. உம்மா டீயோடு முறுக்கும் வைப்பார்கள். இவர்தான் அவர் என்று நான் வாப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு நாள் அண்ணன் போன பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டு, குழறலாக, "ஒன் ஜெயில்காரன்தான?" என்றார்கள். ஆமாம் என்றேன். கூரையைப் பார்த்துவிட்டு, "பரக்கத்தான கை" என்றார்கள். இறைவன் அருள் பெற்ற கை என்று அர்த்தம். வாப்பாவிடமிருந்து என் வேலைக்கு அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்.

அதெல்லாம் இப்போது இல்லை. எஸ்தர் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போய், தங்கையோடு இருப்பதற்காக வெளியூர் போனார். அமைப்பு அதோடு மெல்ல நின்றுபோனது. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கடை வரிசை போய்விட்டது. மளிகைக்கடை அண்ணாச்சி திசையன்விளைக்கே திரும்பினார். அவர் கடைப் பூட்டைக் கடைசி வரை யாரும் தொடவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலாயுதம் காலமாகிவிட்டார். ஒரு மகன் பேங்கில், ஒரு மகன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கத்தி பிடிக்க அந்த வீட்டில் ஆளே இல்லை. இல்லாமல் போனவற்றில் சிலவற்றுக்காகச் சந்தோஷப்படவேண்டும் என்று நான் தெரிந்துகொண்டது அந்த வீட்டில்தான்.

இசக்கிமுத்து அண்ணன் கடை போன பிறகு மகள் வீட்டோடு அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டார். வாய்க்கால் கரையில் இருந்த, அந்தப் பையனின் அம்மா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கமே போனார். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போன நான் அவரைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனபோது எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே, "வாங்க தம்பி, இங்கன உக்காருங்க" என்றார். பக்கத்தில் பாவாடை சட்டையில் பேத்தி, அவர் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எப்படி எங்க தாத்தாவுக்குப் பழக்கம்?" என்று கேட்டது.

உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த சுந்தரியின் கை நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். பாளையங்கோட்டையில் தெருவுக்கெல்லாம் தெரிந்திருந்த ஜெயில்காரர் என்ற பெயர் இந்த வீட்டுக்குள் வரவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பாளையங்கோட்டையில உங்க தாத்தா கட வச்சிருந்தாங்கல்ல, அங்க சவரம் பண்ண வருவேன்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அந்தப் பதிலில் அதற்கு ஒரு சுவாரசியமும் இல்லை. தாத்தாவின் முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு மறுபடி எழுத ஆரம்பித்தது. சுந்தரி டீ கொண்டுவந்தாள். நாங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.